கசிவு சரிசெய்தாச்சு

செம்மணல்விளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கண்ணுக்குள் படம் எடுக்கும் கேமரா வந்த வருஷத்தில்தான், தையல்காரி தங்கபுஷ்பத்தின் வலது கண்ணுக்குள் ஊரின் தண்ணீர்க் குழாய்கள் ஓடுவது ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்பும் அவை அங்கேதான் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஏனென்றால் கண் என்பது வெளியே பார்ப்பதற்கு உள்ளது, அதன் வழியாக உள்ளேயும் பார்க்கலாம் என்று செம்மணல்விளையில் ஒருவரும் நினைத்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த தங்கபுஷ்பம், வரிசை நீளமாக இருந்ததால் மூலையில் காலியாகக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அது கேமராவுக்கு எதிரே போட்டிருந்த முக்காலி. செவிலியர் ஜெபக்கனி, உட்கார்ந்தவரை எழுப்புவானேன் என்று, அவளிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, நாடியை இந்தத் தாங்கல்ல வச்சு, நெத்தியை மேல ஒட்டுங்க. பச்சை வெளிச்சம் தெரியுதா? அதையே பாருங்க. இமைக்கக் கூடாது."

"போட்டோவா? முன்னாடியே சொல்லியிருந்தா பவுடர் போட்டுட்டு வந்திருப்பேம்லா."

"உள்ளுக்குள்ள எடுக்குத போட்டோக்கா. அங்க எந்தப் பவுடரும் எட்டாது."

இடது கண்ணைப் படம் பிடிக்க முடியவில்லை. சின்ன வயதில் பனைமட்டைக் கருக்கு கீறியதிலிருந்து அதில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். தங்கபுஷ்பம் ஊசியில் நூல் கோப்பதும், அளவெடுப்பதும், அரிசியில் கல் பொறுக்குவதும் எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துத்தான்.

கண்ணின் பின்சுவரில் ஈரத் தாள் போல மெல்லியதாக ஒட்டியிருக்கிறதே விழித்திரை, நாம் பார்ப்பதெல்லாம் அதன் மேல்தான் வந்து விழுகிறது. கேமராவில் அது பழுத்த ஆரஞ்சுப்பழ நிறத்தில் ஒரு வட்டமாகத் தெரியும். ஒரு பக்கத்தில் சின்னதாக மஞ்சள் பொட்டு ஒன்று பளிச்சென்று இருக்கும். அந்தப் பொட்டிலிருந்து இரத்தக்குழாய்கள் புறப்பட்டு, மேலும் கீழும் வளைந்து, கிளைவிட்டு, கிளையிலிருந்து கிளைவிட்டு, வட்டத்தின் ஓரம் வரைக்கும் போகும். ஆயிரமாயிரம் கண்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணினி கேமராவுக்குள்ளேயே இருந்தது. அது ஒரு கணம் யோசித்து, படத்துக்குக் கீழே தமிழிலேயே எழுதிக் கொடுத்தது. எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் சுருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். "வலது. குழாய்களில் கசிவு. உடனே கவனிக்கவும். கவனித்த பின் பதில் அனுப்பவும்."

படம் எங்கே போனாலும், அதன் கீழே யார் பதில் போட்டாலும், அது நேரே திருநெல்வேலியில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஏற்பாடு அப்படி.

சுகாதார நிலையத்துப் போனில் 'கண் நலம்' என்று ஒரு குழுவும் 'குடிநீர்' என்று ஒரு குழுவும் அடுத்தடுத்து இருந்தன. பிளீச்சிங் பவுடர் போட்ட விவரம் சொல்வதற்காகக் குடிநீர்க் குழுவிலும் ஜெபக்கனி இருந்தாள். படத்தைக் கண் நலத்துக்கு அனுப்பப் போன நேரம் வரிசையில் யாரோ தும்மினார்கள். ஜெபக்கனியின் பெருவிரல் ஒரு நெல் அளவு கீழே இறங்கியது. படம் குடிநீருக்குப் போய்விட்டது.

டீக்கடை பெஞ்சில் இருந்த பேரூராட்சிக் குழாய்க்காரன் ஈசாக்கு படத்தைத் திறந்து பார்த்தான். போனைத் திருப்பிப் பார்த்தான். பிறகு திருப்தியாகத் தலையாட்டினான்.

"இந்த மஞ்சப் பொட்டு நம்ம டேங்கு. இது மெயின் லைன். இந்தா, பள்ளிக்கூடத் தெருவுக்குப் பிரியுத டீ."

"டீயா? இந்தா போடுதேன்," என்றார் கடைக்காரர்.

"உம்ம டீ இல்ல வே, குழாய் டீ. இந்தச் செவப்புப் புள்ளி ரைஸ் மில் முக்குல வருது. மில்லுக்காரர் செவத்துல ஓதம், ஓதம்னு கத்திட்டே இருந்தாருல்லா?"

மண்வெட்டியோடு போய் ரைஸ் மில் முக்கைத் தோண்டினான். முழங்கால் ஆழத்தில் குழாய் மூட்டு விட்டுப்போய்த் தண்ணீர் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேஸ்கெட்டை மாற்றி மண்ணை மூடிவிட்டு, கை கழுவி, எடுத்த வேலையை முடித்ததும் முறையாகச் சொல்லிவிடும் மனிதன் ஆகையால், படத்துக்குக் கீழே பதில் போட்டான்: "கசிவு சரிசெய்தாச்சு."

அதற்குள் ஜெபக்கனி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். "ஏ ஈசாக்கு, அது குழாய் இல்ல, கண்ணு!"

"யாரு கண்ணு?" என்று மட்டும் கேட்டான் ஈசாக்கு.

"தங்கபுஷ்பம் அக்கா கண்ணு."

"அப்படியா. மதினிகிட்ட நன்றி சொல்லிரு."

அதன்பின் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை தங்கபுஷ்பத்தின் கண்ணைப் படம் எடுத்துக் குடிநீர்க் குழுவில் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. தவறை ஜெபக்கனி திருத்தப் பார்த்தாள், ஊர் விடவில்லை. பேரூராட்சித் தலைவர் பால்துரை அண்ணாச்சியே நேரில் வந்து, "எங்க வேணும்னாலும் அனுப்பும்மா. இங்கயும் அனுப்பு. ஆஸ்பத்திரிக்குத்தான் பதில் போயிருதே, பொறவென்ன?" என்றார். பதில் போய்விடுகிறதுதானே என்று ஜெபக்கனியும் நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. கேள்வி வராத இடத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரிசெய்தாச்சு என்று சொன்ன பிறகு ஆஸ்பத்திரி எதற்குக் கேட்கப்போகிறது?

இப்படியாக, அத்தி பூத்தாற்போல் தண்ணீர் வந்த தெருக்களில் தினமும் தண்ணீர் வந்தது. தேரிச் செம்மணலில் விழுந்து மறைந்துகொண்டிருந்த தண்ணீர் எல்லாம் குடங்களில் நிறைந்தது, குடங்கள் நிறைந்து வாழைக்கன்றுக்குப் போனது, வாழைக்கன்று குலைதள்ளியது. ஊர் நன்றியில்லாத ஊர் அல்ல. மேலத்தெருவிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது, கீழத்தெருவிலிருந்து அதிரசம் வந்தது, பஜாரிலிருந்து சுக்கு மணக்கும் கருப்பட்டி மிட்டாய் பனையோலைப் பெட்டியில் வந்தது. வீடு தேடி வந்ததை வேண்டாம் என்று தங்கபுஷ்பம் எப்படிச் சொல்வாள்? தையல் மெஷின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு அதிரசம் என்று தின்றாள். சர்க்கரை ஏறியது. கண்ணில் புதிய கசிவுகள் தோன்றின. தோன்றிய இடங்களில் எல்லாம் ஊரிலும் குழாய் கசிந்தது, ஈசாக்கு போய் அடைத்தான், ஊர் இன்னும் மகிழ்ந்து இன்னும் அதிரசம் அனுப்பியது.

குழாய்த் தண்ணீரின் வேகம்கூட அவள் கையில்தான் இருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அவளுக்குப் பிரஷர் ஏறினால் தண்ணீருக்கும் பிரஷர் ஏறியது. மாடி வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து பணிவாக நிற்பார்கள்.

"மதினி, மாடி டேங்குக்குத் தண்ணி ஏற மாட்டேங்கு. ஒரு கால் மணி நேரம் கோவப்படுங்களேன்."

"ஒங்களுக்கு வேற சோலியே இல்லையாவே? துணி தைக்கவா, ஒங்களுக்கு மோட்டார் போடவா?"

"அந்தா ஏறுது! இன்னும் ரெண்டு வார்த்தை ஏசுங்க மதினி!"

தங்கபுஷ்பத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கணவர் மும்பையில் கடை வைத்திருந்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் வருவார். மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் கிடந்த வீட்டுக்கு இப்போது நாள் முழுக்க ஆள் வந்தது. ஆகவே, மற்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றது என்னவென்றால், அளவு டேப்பின் கோடுகள் நேராக இல்லாமல் நெளிந்தன. கதவு நிலை நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகின. வடக்கு ஓரத்தெரு முத்துக்கிளியின் மகள் கல்யாண ஜாக்கெட்டில் ஒரு கையை உள்வெளியாகவும் கொக்கியை முதுகிலும் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். முத்துக்கிளி அதை எடுத்துக்கொண்டு வந்து அவள் வீடிருந்த குறுகிய முடுக்கு முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டாள். அன்றைக்குப் பாதி ஊரில் மாடி டேங்குகள் நிறைந்து வழிந்தன.

ஒரு நாள் காலையில் தைத்துக்கொண்டிருந்த துணிமேல் கரிய நூல் ஒன்று தொங்கியது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டப் போனாள். நூல் நகர்ந்தது. துணியை உதறினாள். நூல் அப்படியே இருந்தது. அது துணியில் இல்லை, கண்ணுக்குள் தொங்குகிறது என்று தெரிந்ததும் கத்தரிக்கோலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருப்பது இந்த ஒரு கண்தான்.

அன்று ஊர்க் குழாய்களில் தண்ணீர் கொஞ்சம் சிவந்து வந்தது. தேரி மண் கலந்துவிட்டது என்று ஈசாக்கு லைனைக் கழுவிவிட்டான். "சரிசெய்தாச்சு" என்று போட்டான்.

இந்தப் பதில்தான் திருநெல்வேலியில் டாக்டர் பர்வீனின் கண்ணில் பட்டது. ஒரே கண், இத்தனை முறை கசிந்து, இத்தனை முறை ஒரே நாளில் சரியாகிவிடும் என்றால், அதைச் சரிசெய்பவரிடம் தானே போய்ப் பாடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்து டேப்லெட்டில் வீடியோ அழைப்பில் வந்தார். படம் பார்க்கத் திரண்டிருந்த ஊரே டேப்லெட்டைச் சுற்றி நின்றது.

"தங்கபுஷ்பம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறது யாரு?"

எல்லாரும் ஈசாக்கை முன்னால் தள்ளினார்கள்.

"நான்தான் டாக்டர்."

"எப்படிச் சரிபண்றீங்க?"

"கேஸ்கெட் மாத்துவேன். ரொம்ப மோசம்னா குழாயை அறுத்து சாக்கெட் போட்டு ஒட்டிருவேன்."

டாக்டர் பேசாமல் இருந்தார். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து ஜெபக்கனி டேப்லெட்டை ஆட்டினாள். பிறகு அவள்தான் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இப்படியும் உண்டா என்று அவர் கேட்கவில்லை. கண்களைப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஒன்று மட்டும் கேட்டார்.

"சரி, ஈசாக்கு. தெருவுல நீங்க அடைச்சீங்க. அவங்க கண்ணுல யார் அடைச்சது?"



ஜெபக்கனி பழைய படங்களை வரிசையாகத் திறந்தாள். ரைஸ் மில் முக்குப் புள்ளி அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத் தெருப் புள்ளி பெரிதாகியிருந்தது. கண்ணில் கசிந்தது தெருவில் கசிந்ததே தவிர, தெருவில் அடைத்தது கண்ணில் அடைபடவில்லை. வாரந்தோறும் புதுப் புள்ளிகளைத் தேடியவர்கள் பழைய புள்ளிகளை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

"வட்டத்துக்கு நடுவுல குழாயே இல்லாம கொஞ்சம் இடம் இருக்கு பாருங்க," என்றார் டாக்டர். "ஊசி கோக்கிறது, எழுத்துப் படிக்கிறது, முகம் தெரியறது எல்லாம் அந்த இடத்தை வச்சுத்தான். அங்க நீர் கோத்திருக்கு. ஓரத்துல நோஞ்சான் குழாய்கள் புதுசா முளைச்சு உடையுது. நடுவுக்கு ஊசி போடணும். ஓரத்தை லேசர் வச்சு எரிக்கணும். ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாத்தான் நடுவைக் காப்பாத்த முடியும். தள்ளிப்போட்டா ஒண்ணுமே மிஞ்சாது."

ஈசாக்கு அந்த நடு இடத்தை உற்றுப் பார்த்தான். "அங்க லைனே கிடையாது," என்றான் மெதுவாக. "அது மதினி வீட்டு முடுக்கு. குறுகலா இருக்குன்னு நாம அங்க குழாயே போடல."

அவள் தினமும் பஜார்க் குழாயிலிருந்துதான் இடுப்பில் குடம் சுமந்துகொண்டு போனாள். எல்லாரும் பார்த்ததுதான்.

அழைப்பு முடிந்ததும் ஊர் அங்கேயே, மாத்திரை கொடுக்கும் சன்னலுக்கு முன்னால், பேச ஆரம்பித்தது. ஊசி போட்டால் நடு ஊரில் கசிவெல்லாம் தானாக வற்றும், அது நல்லதுதான் என்றார் ஒருவர். ஓரத்தை எரித்தால் ஓரத்தெருக் குழாய்கள் என்னவாகும் என்றார் இன்னொருவர். என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பால்துரை அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். புஷ்பத்துக்கு வைத்தியம் பாக்கணும், அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா பங்குனி வெயில். அடுத்து கொடை வருது, வெளியூர் ஆளு பூரா வரும். கொடை முடியட்டும், ஒரு மழை பெய்யட்டும், பொறவு நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன். என்ன புஷ்பம், நான் சொல்லுதது?"

தங்கபுஷ்பம் முக்காலியில் உட்கார்ந்தபடியே சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஒங்க சத்தம் கேக்கு. மூஞ்சி இருக்கவேண்டிய இடத்துல ஒரு நனைஞ்ச காகிதம்தான் இருக்கு. ஒரு மழை வரைக்கும் அது தாங்குமா?"

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு நான் திருநெல்வேலி போறேன். யாருகிட்டயும் உத்தரவு கேக்கல. ஓரத்தெருக்காரங்க இன்னைக்கே அண்டா, வாளி எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வச்சுக்கிடுங்க, அதுக்குத்தான் சொல்லுதேன்."

கூட்டத்தின் பின்பக்கம் சலசலப்பு எழுந்தது. அங்கேதான் ஓரத்தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். எப்போதும் அவர்களுக்கு அந்த இடம்தான் கிடைக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துக்கிளி முன்னால் வந்தாள். அடுத்த சண்டை என்று நினைத்து, மாடி டேங்க் வைத்திருந்தவர்கள் டேங்குக்குப் போகும் குழாயை மூடச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணாச்சி, கொடை வரைக்கும்லாம் பொறுக்க முடியாது," என்றாள் முத்துக்கிளி. "என் மக முழுகாம இருக்கா. வளைகாப்பு வருது. இந்த ஊர்ல ஜாக்கெட் தைக்க வேற யாரு இருக்கா? போன தடவை இவ தச்சதைப் பாத்தீங்களா? கொக்கி முதுகுல! எம் புள்ள தாலி ஏறுத நேரம் கையை மடக்க முடியாம, போலீஸ்காரன் மாதிரி வெறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. இவ கண்ணு சரியாகணும்னு இந்த ஊர்லயே எனக்குத்தான் அவசரம்."

"அப்போ ஒங்க தெருக் குழாய்?"

"எரிச்சுக்கிடச் சொல்லுங்க. லாரி விடுங்க. புதுக் குழாய் போடுங்க. அதுக்குத்தான ஒங்களைத் தலைவராக்கி நாற்காலில உக்கார வச்சிருக்கு?"

ஓரத்தெருக்காரர்கள் எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் முத்துக்கிளியைப் பைத்தியக்காரி என்றார். ஆனால் அன்று பிற்பகல் அந்தத் தெருவில் குடம், அண்டா, பொங்கல் பானை, குழந்தை குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி வரைக்கும் எல்லாம் வாசலுக்கு வந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார்கள்.

மறுநாள் தங்கபுஷ்பம் ஜெபக்கனியோடு பஸ் ஏறினாள். மோவாயை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள், பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தாள். லேசர் ஒவ்வொரு முறை பளிச்சென்று அடிக்கும்போதும், செம்மணல்விளையில் ஓரத்தெருக் குழாய் ஒன்று பெருமூச்சு விடுவதுபோல் காற்றை ஊதிவிட்டு நின்றது. முதலில் வடக்கு ஓரத்தெரு, பிறகு சுடுகாட்டுப் பாதை, பிறகு செங்கல்சூளைக் குடியிருப்பு. நடு ஊரில் கசிவுகள் வற்றின. ஈசாக்கு போனைப் பார்க்காமல், பழையபடி தரையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தான். அந்த வாரத்துப் படம் கண் நலம் குழுவுக்குத்தான் போனது. அதிரசத்தை ஜெபக்கனி தடுத்துவிட்டாள். வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினாள், சிலதைத் தானே தின்றாள்.

ஒரே தடவையில் ஒன்றும் சரியாகிவிடவில்லை. பல தடவை போனாள், பல தடவை வந்தாள். கதவு நிலை கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. டேப்பின் கோடுகள் நேராகின. ஆனால் ஓரங்கள் போனது போனதுதான். எதிரே நிற்பவரின் மூக்குத்திக் கல் தெரிந்தது, பக்கத்தில் வருபவர் தெரியவில்லை. பக்கவாட்டில் யாராவது நின்றால் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. டாக்டர் முதலிலேயே சொன்னதுதான் அது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ் வடக்கு ஓரத்தெரு நிறுத்தத்தில் நின்றபோது, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் பெண்களின் பேச்சுச் சத்தம் சன்னலுக்கு வெளியே கேட்டது. தங்கபுஷ்பம் தலையைத் திருப்பினாள். காய்ந்த குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அவர்கள் முகத்தில் என்ன இருக்குமோ என்று பயந்துதான் இத்தனை நாளும் அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தாள். இன்று, தன் நிறுத்தம் அது இல்லை என்றாலும், இறங்கிவிட்டாள்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடத்தின் மேல் உட்கார்ந்திருந்த முத்துக்கிளி எழுந்திருக்கவில்லை.

"கண்ணு தெரியுதாக்கா?"

"தெரியுது."

"பொய் சொல்லாத. நான் கட்டியிருக்குதது என்ன கலரு?"

"வாடாமல்லி. முந்தியில எண்ணெய்க் கறை. ஜாக்கெட் பச்சை, அது நான் தச்சதில்ல, கழுத்து ஒரு பக்கமா இழுக்கு."

பெண்கள் சிரித்தார்கள். முத்துக்கிளி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

"வளைகாப்பு ஆவணிக்குத் தள்ளிப் போயிருக்கு. தச்சிருவேல்லா?"

"கொக்கி முன்னாடிதான் இருக்கும்."

"அப்போ சரி. நில்லு, லாரி வந்ததும் ஒனக்கும் ஒரு குடம் தாரேன். எப்ப வருமோ தெரியல, டிரைவருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கான்."

தங்கபுஷ்பம் அவர்களோடு நின்றாள். யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அந்தப் பக்கம் முழுதாகத் திரும்பிப் பேசினாள்; அதனால் ஒவ்வொருவருக்கும் தன்னிடம்தான் பேசுகிறாள் என்று இருந்தது. பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தார்ச்சாலையை நேரே பார்த்தாள். வெகு தூரத்தில், இரண்டு வரிசைப் பனைகளும் ஒட்டிக்கொள்வது போலிருந்த இடத்தில், கடுகளவு ஒன்று அசைந்தது.

"வருது," என்றாள்.

எல்லாரும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"எங்கக்கா? ரோடு காலியால்லா கிடக்கு?"

"நீலக் கலர் லாரி. முன்னாடி ஒரு லைட்டு உடைஞ்சிருக்கு. குடத்தை எடுங்கட்டி!"

இன்னும் எதுவும் தெரியாத அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டே, ஓரத்தெருப் பெண்கள் குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.